ஆப்பை மூடியாச்சு, கடனை யார் மூடுவது? சூதாட்டத்தில் சிக்கும் முகாம் இளைஞர்களுக்கும் வெளியூர்த் தொழிலாளர்களுக்கும் உதவி போய்ச் சேராதது ஏன்?

திருவண்ணாமலை செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் எப்போதும் ஏதாவது ஒரு கட்டிடம் எழும்பிக்கொண்டே இருக்கிறது. விடுதி, அபார்ட்மென்ட், காபி கடை, தியான மண்டபம். தியானத்துக்கு வருகிறவர்களை எல்லோரும் கவனிக்கிறார்கள். அவர்கள் தங்கும் அறைகளுக்குச் சுவர் எழுப்புகிறவர்களையும் பெயின்ட் அடிக்கிறவர்களையும் கவனிக்கிறவர்கள் குறைவு. பீகார், ஒடிசா பக்கத்திலிருந்து வந்து கொத்து வேலை பார்க்கிறவர்கள் உண்டு. கிரிவலப் பாதையில் மலையைச் சுற்றிப் போனால் வருகிற அடி அண்ணாமலையில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. தமிழ்நாட்டின் எந்த முகாமுக்குப் போனாலும் ஆண்களிடம் ‘என்ன வேலை’ என்று கேட்டால் அதிகம் கேட்கும் பதில் ‘பெயின்டிங்’.

உதாரணத்துக்கு, அப்படி ஒரு பெயின்டரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 26. பெற்றோர் 1990இல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். இவர் பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்தது எல்லாம் இங்கேதான். சாப்பாட்டு இடைவேளையில் போனில் ரம்மி ஆடத் தொடங்குகிறார். ‘சும்மா ஐம்பது ரூபாய்தான்’ என்று ஆரம்பித்தது. முதல் வாரம் ஆயிரத்து இருநூறு ஜெயித்தார். ஆறு மாதத்தில் அன்றன்றைய கூலி போனது. பிறகு மனைவி கட்டிவந்த சீட்டுப் பணம் போனது. பிறகு லோன் ஆப். இன்று மொத்தக் கடன் ஒன்றரை லட்சம், வீட்டில் தெரிந்தது இருபதாயிரம் மட்டும்.

இப்போது இவர் யாரிடம் போவார்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால்தான், சட்டம் வந்த பிறகும் ஏன் பாதிப் பிரச்சினை அப்படியே கிடக்கிறது என்பது புரியும்.

சட்டம் எங்கே வந்து நின்றது?

தமிழ்நாட்டுக்குச் சூதாட்டத் தடை புதிதல்ல. அரசே 1968இல் லாட்டரிச் சீட்டு விற்ற மாநிலம் இது. 2003 ஜனவரியில் அந்த லாட்டரிக்குத் தடை வந்தது. தடைக்குப் பிறகும் மூணு நம்பர் லாட்டரி சந்துபொந்துகளில் ஓடியது. 2019 டிசம்பரில், பக்கத்து மாவட்டமான விழுப்புரத்தில் லாட்டரிக் கடனால் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பமே இல்லாமல் போனபோதுதான் அது எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பது ஊருக்குத் தெரிந்தது.

லாட்டரிக்குப் பின் ஆட்டம் போனுக்கு வந்தது. 2021இல் கொண்டுவந்த தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூனில் அறிக்கை தந்தது. அதன் பிறகு புதிய மசோதா நிறைவேறியது, ஆளுநர் திருப்பி அனுப்பினார், பேரவை மீண்டும் நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் சட்டமானது. அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் வைத்ததை மட்டும் நீக்கியது. அந்த ஓட்டை வழியாகத்தான் ரம்மி தொடர்ந்தது. 2025 பிப்ரவரியில் மாநில ஆணையம் விதிகள் போட்டது: 18 வயதுக்குக் கீழ் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண விளையாட்டு கிடையாது.

கடைசியாக நாடாளுமன்றம் ஒரே போடாகப் போட்டது. 2025 ஆகஸ்ட் 22இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வாதத்தையே ஓரம் கட்டிவிட்டு, பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டையும் தடை செய்கிறது. நடத்துகிறவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். பெரிய நிறுவனங்கள் சில நாட்களிலேயே பண விளையாட்டுகளை நிறுத்தின.

நம் பெயின்டரின் போனிலும் ஆப் வேலை செய்யவில்லை. அடுத்த வாரமே வாட்ஸ்அப்பில் ஒருவர் ‘ஐடி வாங்கித் தரேன் தம்பி, வெளிநாட்டு சைட், பிரச்சினை இல்லை’ என்கிறார். இந்த ‘ஐடி’ வியாபாரம் ரகசியமே அல்ல. இதில் இன்னொரு பொறியும் உண்டு. ‘உன் பேங்க் அக்கவுண்டைக் கொஞ்ச நாள் கொடு, மாசம் அஞ்சாயிரம் தரேன்’ என்பார்கள். சூதாட்டப் பணமும் மோசடிப் பணமும் அந்தக் கணக்கு வழியாக ஓடும். ஒருநாள் கணக்கு முடங்கும், சைபர் கிரைம் போலீஸ் கணக்கின் உரிமையாளரைத் தேடி வரும். கையில் காசில்லாத, ஊருக்குப் புதியவர்களைத்தான் இதற்குக் குறிவைக்கிறார்கள்.

இது பழக்கமா, நோயா?

‘திமிர் எடுத்து ஆடுறான்’ என்பதுதான் பொதுவான தீர்ப்பு. மருத்துவம் வேறு மாதிரி சொல்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டில் சூதாட்டக் கோளாறு, மது, போதைப் பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே பிரிவில் வந்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் அப்படித்தான் வைக்கிறது. மூன்று அடையாளங்களைப் பார்க்கிறார்கள். ஆட்டத்தை நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே முக்கியமாகிப்போவது, நஷ்டம் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்வது.

எப்போது ஜெயிப்போம் என்று தெரியாதபோதுதான் மூளை அதிகம் ஏங்குகிறது. தினமும் தோற்றால் விட்டுவிடுவோம். பத்து முறைக்கு ஒருமுறை ஜெயிக்கும்போதுதான் விடமாட்டோம். ‘ஒரு சீட்டில் போச்சு’ என்ற நூலிழைத் தோல்வி, தோல்வியாக அல்ல, கிட்டத்தட்ட வெற்றியாகவே மனதில் பதிகிறது. அப்புறம் ‘விட்டதைப் பிடிக்கிறேன்’ என்று இறங்குவார்கள். கடன் வாங்கி ஆடுகிறவர்களில் பலர் பேராசையால் ஆடுவதில்லை. கடனை அடைக்க வேறு வழி தெரியாததால் ஆடுகிறார்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயம். திருக்குறளில் 93ஆவது அதிகாரம் கள்ளுண்ணாமை, 94 சூது, 95 மருந்து. வரிசை எதற்காக அப்படி அமைந்ததோ, மதுவையும் சூதையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்க நம் ஆட்களுக்கு ஜெனீவாவிலிருந்து யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முகாம்காரருக்கு மட்டும் என்ன தனிச் சிக்கல்?

முகாமில் இருப்பவர்கள் அதிகம் ஆடுகிறார்கள் என்பதல்ல விஷயம். ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறவரும் ஆடுகிறார், போலீஸ்காரரும் ஆடுகிறார். சிக்கிய பிறகு வெளியே வருவதற்கான கதவுகள்தான் எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் இல்லை.

2021இல் தமிழக அரசு சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 58,000க்கும் மேற்பட்டோர் வசித்தார்கள். அந்த ஆண்டுதான் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது. குடும்பத் தலைவருக்கான மாத உதவித்தொகை 1,500 ரூபாயாகவும், மற்ற பெரியவர்களுக்கு 1,000 ரூபாயாகவும், குழந்தைகளுக்கு 500 ரூபாயாகவும் உயர்ந்தது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 3,500. மீதி எல்லாம் தினக்கூலிதான். குடியுரிமை கிடையாது, அரசு வேலை கிடையாது. அடமானம் வைக்க சொந்த நிலம் இல்லாதவருக்கு வங்கியில் பெரிய கடன் கிடைப்பதும் கஷ்டம். அவசரத்துக்குக் கடன் என்றால் வட்டிக்காரர் அல்லது லோன் ஆப்.

அடுத்தது பயம். முகாமில் ஆள் இருக்கிறாரா என்று தணிக்கை நடக்கும். வருவாய்த் துறை வரும், கியூ பிரிவு போலீஸ் கண்காணிக்கும். 2016 மார்ச்சில் மதுரை அருகே உச்சப்பட்டி முகாமில், தணிக்கையின்போது அதிகாரியுடன் ஏற்பட்ட வாக்குவாதத்துக்குப் பின் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டதை முகாம்கள் மறக்கவில்லை. இந்தச் சூழலில் வாழ்கிறவருக்கு ‘அரசு அலுவலகத்தில் சொல்லுங்க, உதவி பண்ணுவாங்க’ என்றால் எப்படிக் கேட்கும்?

பயத்துக்குச் சட்டத்திலும் ஆதாரம் இருக்கிறது. மாநிலச் சட்டத்தில் ஆடுகிறவருக்கும் தண்டனை உண்டு: 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். மத்தியச் சட்டம் ஆடுகிறவரைப் பாதிக்கப்பட்டவராகவே பார்க்கிறது, தண்டிப்பதில்லை. இந்த வித்தியாசத்தை வக்கீல் விளக்கினால் புரியும். முகாமில் இருப்பவருக்குக் கேட்பது ‘கேஸ்’ என்ற ஒரு சொல் மட்டுமே. வழக்கு ஒன்று பதிவானால் இலங்கைக்குத் திரும்புவதற்கான அனுமதியே சிக்கலாகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

சின்ன இடம் என்பதும் ஒரு சிக்கல். அடுத்தடுத்த வீடு, ஒரே சுவர். சீட்டுப் பணத்தில் கை வைத்தது தெரிந்தால் இருபது குடும்பத்துக்கு முகம் காட்ட முடியாது. தங்கைக்கு மாப்பிள்ளை பார்ப்பதும் நின்றுபோகும். சூதாட்டத்தைவிட அதை மறைப்பதற்கே அவர் அதிகம் பாடுபடுகிறார்.

‘தமிழ்தானே பேசறாங்க, அப்புறம் என்ன?’

அவரவர் வாழ்க்கைக்குப் பொருந்தும் உதவி என்றால் மொழிபெயர்ப்பு என்றே பலர் நினைக்கிறார்கள். முகாமைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு உதவாது. அவர்களும் தமிழ்தான் பேசுகிறார்கள், ஆலோசகரும் தமிழ்தான். ‘கதைக்க வேணும்’ என்பவரும் ‘பேசணும்’ என்பவரும் ஒருவரையொருவர் நன்றாகவே புரிந்துகொள்வார்கள். புரிந்துகொள்வதோடு நம்பிக்கை தானாக வந்துவிடுவதில்லை. ‘முகவரி சொல்லுங்க’ என்று ஆலோசகர் கேட்ட அந்த நொடியிலேயே போன் துண்டிக்கப்படலாம்.

பீகார் தொழிலாளிக்கோ மொழியே முதல் சுவர். அடுத்த சுவர் அவரை அழைத்துவந்த ஏஜென்ட். ஊரில் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக வந்தவர், மாதா மாதம் வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணத்தை ஆட்டத்தில் விட்டால், ஊருக்குப் போன் பண்ணுவதையே நிறுத்திவிடுவார். தகரக் கொட்டகையில் எட்டுப் பேரோடு தூங்கும் ஒருவருக்கு ரகசியமாகப் பேச இடம்கூடக் கிடையாது. டெலிமானஸ் எனப்படும் 14416 என்ற இலவச மனநல எண் 2022 அக்டோபரிலிருந்து செயல்படுகிறது. 24 மணி நேரமும், தமிழ், இந்தி, ஒடியா, வங்காளம் உட்பட 20 மொழிகளில் பேசலாம். திருவண்ணாமலையில் இருந்துகொண்டே இந்தியில் பேசலாம் என்ற தகவல் வேலை நடக்கும் கட்டிடத்தின் சுவரில் இந்தியில் ஒட்டப்பட்டால் பயன் உண்டு. தமிழில் மட்டும் ஒட்டினால் இல்லை.

சட்டம் இந்த விஷயத்தில் நடைமுறையைவிட முன்னே நிற்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, அரசு மனநல சிகிச்சை ‘ஒவ்வொரு நபருக்கும்’ உரிமை என்கிறது. குடிமக்களுக்கு என்று சொல்லவில்லை. பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களின் பட்டியலில் மதம், சாதியோடு பண்பாடும் இருக்கிறது. 23ஆவது பிரிவு, சிகிச்சை பெறுகிறவரின் தகவலை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. டாக்டரிடம் ‘ஆன்லைனில் ஆடினேன்’ என்று சொல்வது போலீஸில் வாக்குமூலம் கொடுப்பது ஆகாது. இந்த ஒரு வாக்கியத்தை முகாமில் யாராவது நம்பும்படி சொல்ல வேண்டும்.

யார் சொன்னால் நம்புவார்கள்?

இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. சூதாட்டத்துக்காகச் செய்தது அல்ல, தற்கொலைத் தடுப்புக்காகச் செய்தது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும் இலங்கைத் தமிழர் முகாம்களில் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. இரண்டு முகாம்களை ஒப்பிட்டார்கள். ஒன்றில் சமூகத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆபத்தில் இருப்பவர்களை அவர்கள் அடிக்கடி போய்ப் பார்க்கும்படி ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பாதுகாப்பு அட்டை. மனசு உடையும்போது என்ன செய்வேன், யாரைக் கூப்பிடுவேன் என்பது அதில் இருக்கும். அந்த முகாமில் தற்கொலை முயற்சிகள் கணிசமாகக் குறைந்தன.

பெரிய மருத்துவமனை கட்டவில்லை. நிபுணர்களைக் குடியேற்றவும் இல்லை. ‘என்ன தம்பி, நேற்று வேலைக்குப் போகலையா’ என்று இயல்பாகக் கேட்கக்கூடிய ஒரு ஆள், கொஞ்சம் பயிற்சி, தொடர்ந்து வந்து பார்ப்பது. அவ்வளவுதான். 1984இல் எஸ்.சி. சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும் முகாம்காரர்களையே பயிற்றுவித்து முகாம்களில் வேலை செய்துவந்திருக்கிறது. அந்த அட்டையில் இன்னும் இரண்டு வரி சேர்த்தால் போதும்: ‘ஆடத் தோணும்போது போனை யாரிடம் கொடுப்பேன்?’, ‘மொத்தக் கடன் எவ்வளவு என்று யாரிடம் சொல்வேன்?’

மதுவில் இதே பாடத்தை நாம் ஏற்கெனவே படித்திருக்கிறோம். சென்னையின் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை பல ஆண்டுகளாகக் கிராமங்களுக்கே போய்க் குடிமறுப்பு முகாம் நடத்துகிறது. ஊருக்குள்ளேயே தங்கவைத்துச் சிகிச்சை கொடுத்து, ஊர்க்காரர்களையும் குடும்பத்தையும் அதில் சேர்க்கும் முறை அது. சூதாட்டத்துக்கு அப்படி ஒன்று இன்னும் வரவில்லை.

மாலை போடுவதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். சபரிமலைக்கு மாலை போட்டவரை 48 நாள் யாரும் குடிக்கக் கூப்பிடுவதில்லை. ‘வேண்டாம்’ என்று சொல்ல அவருக்குக் கௌரவமான ஒரு காரணம் கிடைக்கிறது. அதன் பலமே அதுதான். மாலையைக் கழற்றிய அன்றே பலர் பழையபடி ஆரம்பிப்பதும் நிஜம். காரணம், அந்த 48 நாளில் கடனைப் பற்றி யாரும் உட்கார்ந்து பேசவில்லை. முகாமில் கிறிஸ்தவர்களும் கணிசமாக இருக்கிறார்கள், அவர்களுக்குத் தவக்காலம். எந்த நம்பிக்கையாக இருந்தாலும், தொடங்குவதற்கு அது ஒரு நல்ல நாள் தரும். மீதி வேலை வேறு.

வெளிநாட்டில் எப்படி?

திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் போய் வேலை பார்க்கிறவர்கள் உண்டு என்பதால் அந்த ஊர் ஏற்பாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. 2010இல் கேசினோக்கள் திறப்பதற்கு ஐந்து ஆண்டு முன்னதாகவே, 2005இல், சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தை அங்கே அமைத்துவிட்டார்கள். ஒருவர் தன்னையே கேசினோவுக்குள் விடக் கூடாது என்று பதிவு செய்துகொள்ளலாம். நமக்குச் சுவாரசியமானது இன்னொன்று: குடும்பத்தினரும் விண்ணப்பிக்கலாம். கணவன் ஆடி அழிகிறார் என்றால், மன்றம் விசாரித்து அவருக்குத் தடை உத்தரவு போடும். தனிநபர் உரிமையையே பேசும் நாடுகளில் இது கொஞ்சம் உறுத்தும். கடன் என்றால் வீட்டுக் கடன்தான் என்று வாழும் சமூகங்களுக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது.

ஆஸ்திரேலியாவில் சிக்கல் வேறு வடிவில் வருகிறது. அங்கே சூதாட்ட எந்திரங்கள் அக்கம்பக்கத்து கிளப்பிலேயே இருக்கும். புதிதாகக் குடியேறியவருக்கு அது இரவு வரை திறந்திருக்கிற, ஏசி போட்ட, ஆங்கிலம் தேவைப்படாத இடம். தனிமைதான் முதலில் உள்ளே இழுக்கிறது. அதனால் அங்கே புலம்பெயர்ந்தோருக்கான சூதாட்ட ஆலோசனையைப் பல மொழி பேசும் ஆலோசகர்களை வைத்தே தருகிறார்கள்.

வீட்டில் ஒருவர் சிக்கியிருந்தால்

முதலில் கடனின் முழுத் தொகையும் வெளியே வர வேண்டும். பாதியைச் சொல்லிப் பாதியை மறைத்தால், மறைத்த பாதிக்காக மறுபடி ஆடுவார்கள். முழுத் தொகை தெரிந்த உடனே நகையை விற்று மொத்தத்தையும் அடைத்துவிடுவதும் ஆபத்து. கடன் பாரம் இறங்கியதும் மறுபடி ஆடக் கை துறுதுறுக்கும். கூலி மனைவி அல்லது அம்மா கணக்குக்குப் போகட்டும். யுபிஐ தினசரி வரம்பைக் குறைத்து வைக்கலாம். லோன் ஆப் மிரட்டினாலோ, வங்கிக் கணக்கை யாராவது பயன்படுத்தியிருந்தாலோ 1930 என்ற சைபர் உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும். தாமதித்தால் சிக்கல் பெரிதாகும். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் மனநலப் பிரிவு என்று கேட்க வேண்டும். ‘தூக்கம் வரல டாக்டர்’ என்று ஆரம்பித்தாலும் பரவாயில்லை, பல பேர் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

கட்டிட வேலைக்கு ஆள் வைத்திருக்கும் மேஸ்திரிகளும் ஒன்று செய்யலாம். சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது ‘வீட்டுக்குப் பணம் போட்டாச்சா?’ என்று கேட்பது. கேட்கிற விதத்தில் கேட்டால், அந்தக் கொட்டகையில் இருக்கும் ஒருவராவது பதில் சொல்லாமல் தலையைக் குனிவார். அவரிடம்தான் 14416ஐச் சொல்ல வேண்டும், தனியாகக் கூப்பிட்டு.

(மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ இருந்தால் உடனே பேசலாம்: டெலிமானஸ் 14416, தமிழக சுகாதார உதவி எண் 104, சினேகா 044-24640050.)